சிப்காட், சிட்கோ: எழுத்தைக் கலைத்துப் பார்த்தால்

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. நாலைந்து ஆங்கில எழுத்துகளைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்திப் பொருளுள்ள சொற்கள் எத்தனை அமைக்கலாம் என்று கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வழிகாட்டி நூலோடு போகிறவர்கள் இதற்காகப் பக்கம் புரட்ட வேண்டியதில்லை. இறங்கியதும் கண்ணில் படும் பலகையே போதும்.

எஸ், ஐ, பி, சி, ஓ, டி: சிப்காட், தொழில் வளாகங்களை அமைக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனம். இந்த ஆறையும் கலைத்து அடுக்கினால் 'ஆப்டிக்ஸ்' வரும், அதாவது ஒளியியல். இன்னொரு முறை அடுக்கினால் 'டாபிக்ஸ்', பேசுபொருள்கள். மூன்றாவது கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. சேலை ஓரத்துக்குத் தையல்கடையில் அடித்துத் தருகிறார்களே பீக்கோ, அதன் மூலச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. எழுதும்போது கடைசியில் ஒலிக்காத ஒரு டி நிற்கும், பன்மைக்கு எஸ் சேரும். அதுவும் இதே ஆறு எழுத்துதான்.

திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் இருப்பது சிட்கோ, சிறு தொழில்களுக்கான அரசு நிறுவனம். ஐந்தே எழுத்து: எஸ், ஐ, டி, சி, ஓ. கலைத்தால் முதலில் வந்து நிற்பது 'டிஸ்கோ'. அடுத்து 'சோடிக்', சோடியம் மிகுந்த களர் நிலத்தை மண் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வார்கள். ஒன்றில் ஒளியியலும் மற்றதில் களர் நிலமும் கிடைத்ததே என்று பொருத்தம் தேடினால் ஜோசியத்தில் போய் முடியும். இது வெறும் தற்செயல். ஆனாலும் ஆட்டம் தொடங்கிவிட்டால் கை நிற்காது. 1965இல் தொடங்கிய இன்னோர் அரசு நிறுவனமான டிட்கோவைக் கலைத்தால் 'டைகாட்', இருவித்திலைத் தாவரம். அதே ஆண்டில் பிறந்த டான்சியில் 'செயின்ட்' இருக்கிறது, 'ஸ்டெயின்' இருக்கிறது; புனிதரும் கறையும் ஒரே ஐந்து எழுத்துக்குள். டான்சி நில வழக்குச் செய்திகளை நாளிதழில் படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். டாஸ்மாக்கை எப்படிக் கலைத்தாலும் எனக்கு ஒன்றும் தேறவில்லை.

சிப்காட், சிட்கோ இரண்டு பெயர்களுக்கும் பொதுவானவை எஸ், ஐ, சி, ஓ என்ற நான்கு எழுத்துகள். அவற்றை விரித்துப் பார்க்கும்போதுதான் ஒப்பீடு சூடுபிடிக்கிறது. ஐ என்பது இரண்டிலும் 'இண்டஸ்ட்ரீஸ்', சி இரண்டிலும் 'கார்ப்பரேஷன்'. அங்கே சண்டையில்லை. ஓ அப்படியல்ல. சிட்கோவில் அது 'கார்ப்பரேஷன்' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து. சிப்காட்டில் 'ஆஃப் தமிழ்நாடு' என்பதிலுள்ள 'ஆஃப்'. தமிழ்நாடு என்ற பெயரும் சிப்காட்டில் கடைசி டியாக ஒட்டிக்கொண்டது. சிட்கோவின் முழுப்பெயர் தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது, சுருக்கத்தில் அது சுத்தமாக உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது எஸ். சிப்காட்டின் எஸ் 'ஸ்டேட்', மாநிலம். சிட்கோவின் எஸ் 'ஸ்மால்', சிறியது. பெயரின் முதல் எழுத்து ஒன்று, அது குறிக்கும் அளவோ ஏணி வைத்தாலும் எட்டாதது.

சிட்கோ 1970இல் வந்தது, சிப்காட் அதற்கு மறு ஆண்டு. சிட்கோவின் கைக்கு வந்த தொழிற்பேட்டைகளில் சில அதற்கும் மூத்தவை: கிண்டி 1958இலேயே வந்துவிட்டது, அம்பத்தூர் 1960களில். அம்பத்தூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருந்து, பிறகு சென்னைக்குப் போய்விட்டது. எனவே இன்றைய மாவட்டத்துக்குள் சிட்கோ என்றால் காக்களூர், திருமழிசை போன்ற பேட்டைகள். கும்மிடிப்பூண்டியிலும் ஒன்று உண்டு, சிப்காட்டின் பெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டு.

சிப்காட் ஏக்கர் கணக்கில் பேசும். பெரிய வளாகத்தைத் திரட்டி, சாலை போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, 99 ஆண்டுக் குத்தகைக்கு ஆலைகளிடம் கொடுக்கும். கும்மிடிப்பூண்டியில் அப்படி வந்தவற்றில் இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ரோலிங் மில்கள் முக்கியமானவை. அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் இன்னொரு வளாகம் அமைத்தது. மிஷெலின் டயர் ஆலை அங்கேதான் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊரார் எதிர்த்துப் போராடிய இடமும் அதுதான். ஏக்கரில் பேசுகிற நிறுவனத்துக்கு இந்த எதிர்ப்பு ஊர்தோறும் காத்திருக்கும். சிட்கோ பேசுவது மனையிலும் ஷெட்டிலும். ஒரு லேத், ஒரு பிரஸ், பெரிய கம்பெனியிடமிருந்து வாங்கிவந்த ஜாப் ஒர்க், முன்னால் ஒரு டூவீலர்.

பேச்சிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. "சிப்காட்டுல வேலை செய்யறான்" என்பார்கள். சிட்கோ என்றால், "சிட்கோல கம்பெனி வச்சிருக்காரு." முன்னதில் ஷிஃப்டுக்குப் போகிறவன், பின்னதில் முதலாளி, அவரே ஆயில் கறையோடு மெஷின் பக்கத்தில் நின்றாலும் 'காரு'தான். காக்களூர் ஷெட்டுகளிலும் கூலிக்கு வேலை செய்கிறவர்கள்தான் அதிகம், கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கும் முதலாளிகள் உண்டு. ஆனால் ரோலிங் மில் முதலாளியை ஊரில் யார் பார்த்தார்கள்?

தமிழ் எழுத்துக்கு வந்ததும் கதை மாறுகிறது. சிட்கோ என்ற சொல்லைப் பார்த்தால் நம் இலக்கணம் முகம் சுளிக்காது. ட் என்னும் மெய்யை அடுத்து க, ச, ப வரலாம். வெட்கம், காட்சி, நட்பு எல்லாம் அப்படி வந்தவை. முடிவில் நிற்பது கோ, அரசனைக் குறிக்கும் பழஞ்சொல்லின் வடிவம். தெரியாதவரிடம் இதைப் பழைய ஊர்ப்பெயர் என்று சொன்னால் நம்பிவிடக்கூடும். சிப்காட் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. ப் தன்னோடு மட்டுமே சேரும் மெய், பக்கத்தில் க வரக்கூடாது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியவும் கூடாது. ஆட்டோக்காரர் இலக்கணம் படிக்காமலே இரண்டாவது குறையைச் சரிசெய்துவிட்டார்: சிப்காட்டு. முதல் குறை அப்படியே இருக்கிறது. ப்க என்று உதட்டை மூடி உடனே தொண்டைக்குத் தாவுவதில் யாருக்கும் சிரமமில்லை, மரபு மட்டும்தான் வழிவிடவில்லை.

தமிழில் எழுதினால் இன்னொன்றும் நடக்கிறது. சிப்காட்டின் கடைசி எழுத்தும் சிட்கோவின் நடு எழுத்தும் ஆங்கிலத்தில் வேறு வேறு. நமக்கு இரண்டுமே ட். தேர்வில் விடை எழுதும்போது இது காலை வாரும். 'டைகாட்' என்ற சொல்லின் இரு முனையிலும் நிற்பவை ஒரே எழுத்து என்று தமிழ்க் காது சத்தியம் செய்யும். கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு பீகாரிலிருந்து வந்திருக்கும் இளைஞருக்கு அந்தக் குழப்பமில்லை, அவருடைய இந்தி எழுத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. அவர் இங்கே வருமுன் நவி மும்பையில் வேலை பார்த்தவராக இருந்தால் வேறொரு சிக்கல். அந்த நகரத்தை உருவாக்கிய நிறுவனமும் 1970இல் தொடங்கியது, அதன் பெயரும் காதுக்கு சிட்கோதான். அங்கே முதல் எழுத்து எஸ் இல்லை, சி, 'சிட்டி'யின் சி. ஆங்கிலப் பலகையில் அவர் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார். தமிழ்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாரானால் இரண்டும் ஒன்றாகிவிடும்.