சின்னஞ்சிறு மடிப்புகளின் சரித்திரம்

அமினோ அமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலியாகிய புரதம், பொதுவாக நீரில் தனக்கே உரிய வடிவத்தில் மடிந்த பின்னரே தன் தொழிலைத் தொடங்குகிறது என்பது இன்று மாணாக்கரும் அறிந்த செய்தி. ஆனால் பத்து இருபது அமிலங்களே கொண்ட பெப்டைடு என்னும் துண்டுச் சங்கிலி தனித்து நின்று அவ்வாறு மடிந்திருக்குமா என்ற கேள்விக்கு, முடியாது என்பதே வெகுகாலம் விஞ்ஞானிகளின் பொதுவான விடையாக இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. மடிந்த நிலைக்கு உருவம் ஒன்றே, மடியாத நிலைக்கோ எண்ணற்றவை. அந்தச் சுதந்திரத்தை இழக்கும் நஷ்டத்தைப் பெரிய புரதம், நீரை வெறுக்கும் அமிலங்கள் திரண்ட தன் உட்கருவினால் ஈடுசெய்துகொள்கிறது. சிறு துண்டுக்கு உள் என்றும் புறம் என்றும் பிரிப்பதற்கே இடம் போதாது.

இந்த அவநம்பிக்கையைத் தீர்க்கும் வழி, என் அபிப்பிராயத்தில், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் திறந்தது. ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகளின் கோணங்களை எடுத்துக்கொண்டு, அணுக்கள் மோதாமல் எவ்வெவை கூடும் என்று கணக்கிட்டுப் படமாக வரைந்தபோது, அப்படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட பிரதேசம் என்பது வெளிப்பட்டது. பக்கக்கிளை இல்லாத கிளைசின் அதில் தாராளமாக உலாவும். தன் கிளையை முதுகெலும்போடு வளையமாகப் பூட்டிக்கொண்ட புரோலினுக்கோ குறுகிய பட்டை ஒன்றே கதி. ஆகவே, சுதந்திரம் குறைந்த அமிலத்தை உரிய இடத்தில் வைத்துவிட்டால், மடிவதன் விலையில் ஒரு பங்கு முன்கூட்டியே செலுத்தப்பட்டுவிடுகிறது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பலராமும் அவருடைய சகாக்களும் இந்த வழியிலேயே சென்றனர். அலமெதிசின் என்னும் பூஞ்சைப் பொருளில் காணப்படும் அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலத்தில், ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு மெத்தில் தொகுதி இருப்பதால், அது ஏறக்குறைய சுருளாக மட்டுமே வளையும். அதை இடையிடையே கோத்துக் குட்டைச் சுருள்களை அவர்கள் நிலைநிறுத்தினர். புரோலினின் கண்ணாடிப் பிம்பமான டி-புரோலினும் கிளைசினும் அடுத்தடுத்து வந்தால் சங்கிலி கொண்டை ஊசிபோல் திரும்பும் என்பதை அவர்களும் அமெரிக்காவில் கெல்மன் குழுவினரும் காட்டினர். ஸ்டான்ஃபோர்டில் பால்ட்வின் குழுவினர் 1989-இல், அலனின் மிகுந்த சிறு பெப்டைடுகள் குளிர்ந்த நீரில் தாமாகவே சுருள்வதை நிரூபித்திருந்தனர்.

ஆயினும் உட்கருவோடு கூடிய முழு மடிப்பு, இத்தனை சிறிய உருவில், 2002-இல் சியாட்டிலில் ஆண்டர்சன் குழுவினர் வெளியிட்ட இருபது அமிலப் பெப்டைடில் கண்ணுக்கு விருந்தாக அமைந்தது. கிலா மான்ஸ்டர் என்னும் விஷப் பல்லியின் உமிழ்நீரில் உள்ள எக்ஸெண்டின்-4-இன் வாற்பகுதியைத் திருத்தி அமைத்தது அது. ஆறாம் இடத்து டிரிப்டோபனின் அகன்ற வளையத்தைப் பன்னிரண்டாம், பதினெட்டாம், பத்தொன்பதாம் இடங்களிலுள்ள புரோலின்கள் கூண்டுபோல் சூழ்ந்து நீர் அண்டாமல் காக்கின்றன. ஒன்பதாம் இடத்து எதிர்மின் அஸ்பார்ட்டிக் அமிலமும் பதினாறாம் இடத்து நேர்மின் அர்ஜினினும் ஒன்றையொன்று ஈர்த்து அதை இறுக்குகின்றன. புரோலின் இங்கே நீரை விலக்கும் சுவராகவும் சங்கிலியின் சுதந்திரத்தைக் கட்டும் தளையாகவும் இரட்டைப் பணி செய்கிறது. ஆனால் இந்த மடிப்பின் ஸ்திரம் பெரிதன்று. 42 பாகை செல்சியஸ் அளவிலேயே பாதி மூலக்கூறுகள் அவிழ்ந்துவிடும்.

அந்தக் குறையைப் போக்கிய பிரயத்தனங்களில், 2016-இல் அதே சியாட்டிலில் பேக்கர் குழுவினர் 18 முதல் 47 அமிலங்களில் வடிவமைத்தவை குறிப்பிடத்தக்கவை. கந்தகப் பாலங்களால் குறுக்கே பிணைத்தும், சிலவற்றில் இரு முனைகளையும் வளையமாக இணைத்தும் ஆக்கிய அவற்றுள் சில, 95 பாகை வெப்பத்திலும் உருக்குலையவில்லை. சாதாரண அமிலங்களுக்குச் சென்னைப் படத்தில் பெரும்பாலும் விலக்கப்பட்டுள்ள வலப்பாதியில் சங்கிலி திரும்ப வேண்டிய இடங்களுக்கு, சில வடிவமைப்புகளில் அவர்கள் டி-வகை அமிலங்களைத் தேர்ந்துகொண்டனர்.