ஊதி அணைத்த மெழுகுதிரி

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்க நாட்டின் அட்லாண்டா நகரில் கூடியிருந்த வேதியியல் அறிஞர் முன்னிலையில் பொறியாளர் ஒருவர் எழுந்து நின்றார். தாம் ஆய்ந்து கண்ட புதிய வாயுவை நெஞ்சு நிறைய உள்ளிழுத்தார். பின் அதனை மெல்ல வெளிவிட்டு, எதிரே எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். அந்த வாயு நஞ்சும் அன்று, தீப்பற்றுவதும் அன்று என்பது ஒரே மூச்சில் மெய்ப்பிக்கப்பட்டது. அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. அவர் காட்டிய வாயு, குளோரோ ஃபுளோரோ கார்பன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது.

அது வெறும் வித்தை காட்டல் அன்று. அந்நாளைய குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்களே ஓடின. இரவில் குழாய் கசிய, உறங்கியவர்கள் விழிக்காமலே மாண்டதும் உண்டு. அதற்கொரு மாற்றுத் தேடியே மிட்ஜ்லியும் அவர்தம் துணைவரும் 1928-இல் முனைந்தனர். வணிக நோக்கமும் உடனிருந்தது. ஆயினும் அவர்களைத் தீயோர் என்று எண்ண நம்மால் இயலவில்லை. (பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டவரும் இதே மிட்ஜ்லிதான் என்பதும், அந்த ஈயத்தின் நஞ்சால் அவரே நலிவுற்றார் என்பதும் வேறொரு கதை.)

குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, நுரைப்பஞ்சு, நறுமணத் தெளிப்பான் என இவ்வாயு வீடுதோறும் நுழைந்தது. எதனோடும் வினைபுரியாத அதன் இயல்பே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அப்படியானால், வெளியேறிய வாயு எங்கே போயிற்று? நாற்பது ஆண்டுகள் வரை இவ்வெளிய கேள்வியை எவரும் அழுத்திக் கேட்கவில்லை. 1971-இல் ஜேம்ஸ் லவ்லாக் கப்பலேறி அட்லாண்டிக் கடலின் காற்றை அளந்தபோது, போன இடமெல்லாம் அது இருந்தது. அவரும் அதனால் தீங்கில்லை என்றே அப்போது கருதினார்.

1973-இல் கலிஃபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்டும் அவரிடம் வந்து சேர்ந்த மெக்சிகோ இளைஞர் மாரியோ மொலினாவும் அக்கேள்வியை எடுத்துக்கொண்டனர். கீழே எதனாலும் சிதையாத வாயு, மெல்ல மெல்ல மேலேறும். அடுக்கு மண்டலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உடையும். குளோரின் அணு விடுபடும். அந்த ஓர் அணு, தான் அழியாமலே, ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது! கீழே தீங்கற்றதாயிருந்த அதே உறுதிதான் அதை மேலே கொண்டு சேர்த்தது. 1974-இல் அவர்கள் இதை வெளியிட்டபோது உற்பத்தியாளர்கள் வெகுண்டனர்; வெறும் கணக்கு, சான்று இல்லை என்றனர். அமெரிக்கா 1978-இல் தெளிப்பான்களில் அதைத் தடை செய்தது. மற்றப் பயன்பாடுகள் தொடர்ந்தன.

சான்று, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஓசோனைத் தரையிலிருந்தே அளக்கும் கருவியை 1920-களில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கியவர் டாப்சன். அவர் உலகின் பல மூலைகளுக்கு அனுப்பிய தொடக்கக் கருவிகளுள் ஒன்று நம் கொடைக்கானல் வான் ஆய்வகத்திற்கும் வந்தது என்பதை இங்கே குறிக்க விழைகிறோம். அதே வழிவந்த கருவியொன்று, 1950-களின் பிற்பகுதி முதல் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் ஆண்டுதோறும் அளந்துகொண்டிருந்தது. பயனற்ற வேலை என்று அதை எண்ணியோரும் இருந்திருக்கக்கூடும். 1970-களின் பிற்பகுதியில் அங்கே அக்டோபர் மாத ஓசோன் சரியத் தொடங்கிற்று. கருவிதான் பழுதோ என்று ஐயுற்று வேறொரு கருவி கொண்டு அளந்தனர். அதுவும் அதையே சொல்லிற்று. மூன்றில் ஒரு பங்கு காணாமற் போயிருந்தது. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதத்தில் அதை உலகுக்கு அறிவித்தனர்.

1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியால் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இந்தியாவும் சீனாவும் உடனே சேரவில்லை. இவ்வாயுக்களில் பெரும்பங்கை உமிழ்ந்தவர்கள் செல்வ நாட்டினர். குளிர்பெட்டியே காணாத ஏழை நாடுகள் எதற்காகச் செலவு சுமக்க வேண்டும் என்னும் வழக்கு நியாயமானதே. 1990-இல் இலண்டனில் அதற்கென நிதியம் ஏற்படுத்த இசைந்த பின், 1992-இல் இந்தியா இணைந்தது. வளர்ந்த நாடுகள் 1996-க்குள்ளும் ஏனையவை 2010-க்குள்ளும் குளோரோ ஃபுளோரோ கார்பன் உற்பத்தியைக் கைவிட ஒப்பின. 2009-க்குள் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் உடன்பாட்டை ஏற்றிருந்தன.

ஆயினும் விட்ட வாயு திரும்பி வராது. மிட்ஜ்லி உள்ளிழுத்த வகை, காற்றில் ஏறத்தாழ நூறாண்டு நிலைப்பது. தென்முனையின் ஓசோன், 1980-இல் இருந்த நிலையை 2066-ஆம் ஆண்டளவில்தான் எட்டும் என்பது 2022-இல் ஐ.நா. அமைப்புகளின் சார்பில் அறிஞர்கள் கூறிய மதிப்பீடு. இன்று ஞானத்தீட்சை பெறும் குழந்தை அதற்குள் நடுவயதை எட்டியிருக்கும்.

அதற்கு மாற்றாக வந்த ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன்களில் குளோரின் இல்லை. ஓசோனுக்குத் தீங்கில்லை என்று வரவேற்றோம். அவற்றுள் கார்களின் குளிரூட்டிகளில் பெரிதும் பயன்பட்ட ஒன்றோ, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் நாடுகள் இசைந்தன. இந்தியா 2021-இல் அதனை ஏற்றது. நமக்கு விதிக்கப்பட்ட குறைப்பு 2032-இல் தொடங்குகிறது.