மரநிழல்ல கார் பார்க் பண்றீங்களா? பிசின் கறையைச் சுரண்டாதீங்க, ஊறவைங்க!

சித்திரை வெயில்ல மரத்தடியில ஒரு பார்க்கிங் கிடைச்சா அதுவே பெரிய அதிர்ஷ்டம். ஆனா, சாயங்காலம் வந்து பார்த்தா பானெட் முழுக்கப் புள்ளி புள்ளியா பிசின் காய்ஞ்சு கிடக்கும். உடனே நகத்தால சுரண்டுவோம். நகம் போதலைன்னா ஏ.டி.எம் கார்டு. தப்பு நடக்குறது அங்கேதான்!

கார் பெயின்ட்டுக்கு மேலே 'கிளியர் கோட்'னு நிறமே இல்லாத ஓர் அடுக்கு இருக்கு. பளபளப்புக்கும், வெயில்ல நிறம் மங்காம இருக்குறதுக்கும் அதுதான் காரணம். அதோட தடிமன் பொதுவா 50 மைக்ரான் அளவுதான். நம்ம தலைமுடியைவிட மெல்லிசு! காயம்பட்ட தோல் மாதிரி அது திரும்ப வளராது. அதனால கறையை முதல்ல இளக வைக்கணும், அப்புறம்தான் துடைக்கணும்.

முதல்ல மரத்தைப் பாருங்க

எல்லாக் கறையும் ஒண்ணு இல்லை.

* வேம்பு, கருவேலம்: இதோட பிசின் தண்ணியில கரையும். வெந்நீரே போதும்.
* மாமரம்: பூக்குற சீசன்ல சொட்டுற பிசுபிசுப்பு பெரும்பாலும் பிசினே இல்லை. தத்துப்பூச்சிகள் வெளியேத்துற இனிப்பான கழிவு. இதுவும் வெந்நீருக்குக் கரைஞ்சிடும்.
* பலா, ஆல், அரசு: இதுங்களோட பால் தண்ணிக்கு அசையாது. பலாப்பழம் அரியும்போது கையில எண்ணெய் தடவிக்கிறோம்ல, அதே லாஜிக்தான் இங்கேயும்.
* பைன்: கொடைக்கானல், ஊட்டி ட்ரிப்ல ஒட்டுற பிசின் ஆல்கஹாலுக்குக் கரையும்.

எந்த மரம்னு தெரியலையா? வெந்நீர், எண்ணெய், ஆல்கஹால்னு இதே வரிசையில முயற்சி பண்ணுங்க.

எப்படிச் சுத்தம் செய்யணும்?

1. காரை நிழலுக்குக் கொண்டுவாங்க. பானெட் தொட்டா சுடாத அளவுக்கு ஆறட்டும்.

2. கார் ஷாம்பு போட்டு முழுசா கழுவுங்க. தூசியோட துடைச்சா அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி கீறிடும்.

3. கை பொறுக்குற சூட்டுல இருக்குற வெந்நீர்ல மைக்ரோஃபைபர் துணியை நனைச்சு, கறை மேல 5 நிமிஷம் போட்டு வைங்க. அப்புறம் அழுத்தாம துடைங்க. பாதி போயிருந்தா, திரும்ப ஒருமுறை ஊறவைங்க.

4. போகலையா? கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி 10 நிமிஷம் விட்டு, மெதுவா துடைச்சு எடுத்துட்டு, ஷாம்புவால கழுவிடுங்க.

5. அப்பவும் அசையலைன்னா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும். கதவோட உள்விளிம்புல முதல்ல ஒரு சொட்டு டெஸ்ட் பண்ணுங்க. நிறம் துணியில ஒட்டலைன்னா, பஞ்சுல நனைச்சுக் கறை மேல அரை நிமிஷம் வெச்சுத் துடைங்க. பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. முடிஞ்சதும் தண்ணியால கழுவிடுங்க.

6. கறை இருந்த இடத்துல ஆல்கஹால் பழைய வேக்ஸையும் சேர்த்து எடுத்திருக்கும். அதனால கடைசியா அங்கே மறுபடி வேக்ஸ் போடணும்.

கறை போச்சு, தழும்பு போகலையே!

அந்த இடத்தை விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா இன்னும் ஏதோ மேல ஒட்டியிருக்குன்னு அர்த்தம். 'க்ளே பார்'னு களிமண் மாதிரி ஒண்ணு விக்குது. அதுக்கான ஸ்பிரேயை அடிச்சு, ஈரத்தோட நேர்கோட்டுல தேய்ச்சா எடுத்துடும். அது தரையில விழுந்துட்டா தூக்கிப் போட்டுடுங்க. அதுல ஒட்டுன மண்ணு பெயின்ட்டைக் கீறும்.

வழவழன்னு இருந்தும் நிழல் மாதிரி தெரிஞ்சா, கிளியர் கோட்டே அரிச்சிருக்கு. காக்கா எச்சத்துல இது சீக்கிரமே நடக்கும். அதுல இருக்குற யூரிக் அமிலமும் வெயிலும் சேர்ந்தா பெயின்ட்டைப் பதம் பார்த்துடும். லேசான தழும்புன்னா பாலீஷ் போட்டா மறையும். ஆனா, ஒவ்வொரு பாலீஷும் அந்த மெல்லிய அடுக்கைக் கொஞ்சம் தேய்ச்சுதான் எடுக்குது. அடிக்கடி செய்யாதீங்க. மேட் ஃபினிஷ் கார்ல பாலீஷே வேண்டாம். நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் இருந்தா பெயின்ட்டர்கிட்ட காட்டுறதுதான் சரி.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

பிளேடு, பாத்திரம் தேய்க்குற ஸ்க்ரப்பர், டூத்பேஸ்ட், தின்னர், பெட்ரோல். முதல் மூணும் கீறும். தின்னர் பெயின்ட்டையே கரைச்சிடும். ஏற்கெனவே ரீபெயின்ட் பண்ண செகண்ட் ஹேண்ட் கார்னா ஆபத்து இன்னும் அதிகம். பெட்ரோல்ல தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு.

இதுக்காக நிழலை விட்டுட்டு வெயில்ல நிறுத்தணும்னு இல்லை. கவர் போடுறதா இருந்தா காரைத் துடைச்சுட்டுப் போடுங்க, தூசி மேல போட்ட கவரும் கீறும். டிக்கியில ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் இருக்கட்டும். ஈரமா இருக்கும்போதே துடைச்சா ஒரு நிமிஷ வேலை. ஒரு வாரம் வெயில்ல காயவிட்டா, ஞாயித்துக்கிழமை காலி!