துபாய்க்கு சொகுசு டூர் போறீங்களா? விசா, ஓட்டல் பில், பெட்டி... இந்த மூன்றையும் முதலில் பாருங்க!

வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் லால்பேட்டைக்கு துபாய் புது ஊர் இல்லை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஒருவராவது உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. ஆனால் துபாய்க்கு வேலைக்குப் போவது வேறு. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் என குடும்பமாகச் சுற்றிப் பார்க்கப் போவது வேறு. 'நம்ம பையன்தான் அங்கே இருக்கானே, எல்லாம் அவன் பார்த்துக்குவான்' என்று கிளம்புகிறவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று: விசா, பில், பெட்டி. இதில் கடைசி விஷயத்தில் தவறினால் ஜெயில் வரை போகலாம்.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரைதான் துபாயில் இதமான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கவே அங்கே சட்டப்படி தடை இருக்கிறது. அந்த நேரத்தில் வயதானவர்களோடு பாலைவன சஃபாரி போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

கோடை சீசனில் ஐந்து நட்சத்திர ஓட்டல் அறைகள் மலிவாகக் கிடைக்கும். மால், ஓட்டல், மெட்ரோ எல்லாமே ஏசி என்பதால், 'ஓட்டலை அனுபவிக்கணும், அது போதும்' என்பவர்களுக்கு இது சரிப்படும். நம்ம ஊர் அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசியில்தான் விமான டிக்கெட், ஓட்டல் இரண்டுமே உச்ச விலை. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி பரவாயில்லை.

விமானத்துக்கு சென்னை போகலாம், திருச்சியும் போகலாம். இரண்டு ஊரிலிருந்தும் துபாய்க்கு நேரடி விமானங்கள் உண்டு. பயண நேரம் சுமார் 4 மணி நேரம்.

விசாவில் எங்கே சிக்கல் வரும்?

சுற்றுலா விசா 30 நாள், 60 நாள் என இரண்டு வகையில் கிடைக்கிறது. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டும் ஓட்டல் புக்கிங்கும் கேட்பார்கள். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய வாடகை ஒப்பந்தம், எமிரேட்ஸ் ஐடி நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

தமிழர்களுக்கு முக்கியமான ஒன்று, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர். நம்மில் பலருக்கு ஒரே பெயர்தான். குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து இதைப் பார்த்து விடுங்கள்.

விசா நாள் முடிந்தும் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். குடும்பத்தில் நான்கு பேர் என்றால் நாள் ஒன்றுக்கு 200 திர்ஹாம்.

'டூர் விசாவில் போயிடுங்க, அங்கே போனதும் வேலை விசாவா மாத்திடலாம்' என்று யாராவது சொன்னால் உஷார். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் வராவிட்டால் புகார் சொல்லக்கூட வழியில்லாமல் போய்விடும்.

ஓட்டல் பில் ஏன் எகிறுது?

2025-ல் ஒரு திர்ஹாமின் மதிப்பு 23, 24 ரூபாய் அளவில் இருந்தது. ஓட்டல் இணையதளத்தில் ஓர் இரவுக்கு 1,000 திர்ஹாம் என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், நகராட்சிக் கட்டணம் 7 சதவீதம், வாட் வரி 5 சதவீதம் சேரும். இதுபோக 'டூரிசம் திர்ஹாம்' என்ற கட்டணம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு வசூலிக்கப்படுகிறது. ஐந்து நட்சத்திர ஓட்டலில் இது 20 திர்ஹாம். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,245 திர்ஹாம் வரும். ஐந்து இரவுக்குக் கூடுதலாகப் போவது மட்டும் சுமார் 29 ஆயிரம் ரூபாய்! விலையில் வரிகள் சேர்ந்திருக்கிறதா என்பதை புக் செய்யும்போதே கேட்டு விடுங்கள். செக்-இன் நேரத்தில் முன்வைப்புத் தொகையாக கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, பிறகு விடுவிப்பதும் வழக்கம்.

இங்கேயே டூர் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார்கள். அதன் சதவீதம் பட்ஜெட்டில் மாறிக்கொண்டே இருக்கிறது. ரசீதை பத்திரமாக வையுங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக் கொள்ளலாம், ரீஃபண்டும் கேட்கலாம்.

எதற்குச் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவில் 124, 125-வது மாடிகளுக்கு ஒரு டிக்கெட், 148-வது மாடிக்கு அதைவிட விலை அதிகமான டிக்கெட். சூரியன் மறையும் நேரத்துக்குத் தனி ரேட். காலையில் போனால் செலவு குறையும். பாய்மர வடிவில் கடலுக்குள் நிற்கும் புர்ஜ் அல் அரப் ஓட்டலில் அறை எடுக்காமல், முன்பதிவு செய்து உணவுக்கு மட்டும் போய் வரலாம்.

மெட்ரோவில் கோல்டு கிளாஸ் பெட்டி இருக்கிறது. டாக்ஸியைவிட மிகக் குறைந்த செலவில் சொகுசாகப் போகலாம். ஆனால் மெட்ரோவுக்குள் சாப்பிட்டால் 100 திர்ஹாம் அபராதம். தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே ஓடும் பழைய அப்ரா படகில் கட்டணம் 1 திர்ஹாம்தான். கோடிகளில் கட்டிய துபாய்க்கு முன்னால் இருந்த துபாயைப் பார்க்க அதுதான் வழி.

பெட்டியில் என்ன இருக்கக் கூடாது?

ஊரிலிருந்து ஒருவர் கிளம்பினால் பத்து வீட்டிலிருந்து பார்சல் வரும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, கசகசா. நமக்கு அது குருமாவில் போடும் சமையல் பொருள். அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. கசகசா சேர்த்து அரைத்த வீட்டு மசாலாவும் வேண்டாம்.

இரண்டாவது, வெற்றிலை. வீராணம் பாசனத்தில் கொடிக்கால் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் வெற்றிலையும் பான் பொருட்களும் அங்கே கொண்டு போகத் தடை செய்யப்பட்டவை.

மூன்றாவது, மாத்திரைகள். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை மற்றும் இருமல் மருந்து, நரம்பு வலிக்குத் தரும் பிரகாபலின், சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் டாக்டர் சீட்டை வைத்து, அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த பார்சலாக இருந்தாலும் பிரித்துப் பார்த்து, நீங்களே மறுபடி கட்டுங்கள். தவறாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். விமான நிலையத்தில் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ, பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

திரும்பி வரும்போது தங்கம் கொண்டு வரலாமா?

இதில்தான் குழப்பம் அதிகம். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டு வரலாம் என்ற சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குக் கிடையாது. கோல்டு சூக்கில் வாங்கினால், இங்கே இறங்கியதும் சிவப்பு வழியில் போய்க் கணக்குக் காட்டி வரி கட்டுங்கள். இங்கிருந்து அதிக நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்கத்துறையிடம் சான்றிதழ் வாங்கிக் கொண்டால் திரும்பும்போது கேள்வி வராது.

'இந்தச் சங்கிலியை மட்டும் போட்டுட்டுப் போயிடுங்க, டிக்கெட் காசு தர்றோம்' என்று யாராவது கேட்டால், உங்களைக் 'குருவி' ஆக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். மறுத்து விடுங்கள்.

இதையும் குறித்துக் கொள்ளுங்கள்

• அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகள் வேலை செய்யாது. வீட்டோடு பேச வேறு ஏற்பாடு செய்து கொள்ளுங்கள்.
• முன்பின் தெரியாதவர்களை அனுமதி இல்லாமல் படம் எடுப்பது குற்றம். ரீல்ஸ் எடுக்கும்போது கவனம்.
• 2024 ஏப்ரல் 16-ல் கொட்டிய மழையில் துபாய் விமான நிலையமே தடுமாறி, ஏராளமான விமானங்கள் ரத்தாகின. பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்.
• கடையில் 250 திர்ஹாமுக்கு மேல் வாங்கினால் 'டாக்ஸ் ஃப்ரீ' ரசீது கேளுங்கள். வாட் வரியில் பெரும் பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம்.
• அவசரத்துக்கு: போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. இந்தியர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. மகன் போன் எடுக்காத நேரத்திலும் உதவும். பெற்றோர் போனில் இதை இன்றே பதிந்து கொடுங்கள்.