குழாய்க்குள் புகுந்த வேர்

மருதமுனை தொட்டு அக்கரைப்பற்று வரையுள்ள நமது கடற்கரை ஊர்களில் பழைய கல்வீடுகள் சில இன்னும் எஞ்சி நிற்கின்றன. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகக் கைமாறிக் கைமாறி மூன்று நான்கு தலைமுறைகளைக் கண்ட வீடுகள் அவை. சுவர்கள் தடித்தவை, முற்றங்கள் விரிந்தவை, வளவின் மூலையில் பெரும்பாலும் ஒரு வேம்போ மாமரமோ நிற்கும். கல்முனையில் அத்தகைய வீடொன்றின் பின்வளவைத் தோண்டும்போது அருகில் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. குளியலறை நீர் வடியாமல் பல நாட்களாக வீட்டாரைத் தொல்லைப்படுத்திற்று. வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் குழிக்குள் குப்புறப் படுத்து, மண்ணுள் புதைந்திருந்த சுடுமண் குழாயின் வாயிற் கையைச் செலுத்தி, எதையோ பற்றி இழுத்தார். நான்கு முழ நீளத்தில் ஒரு வேர்த்திரள் வெளியே வந்தது. குழாயின் வடிவத்தையே தன் வடிவமாகக் கொண்டு, திரித்த கயிறுபோல அது கிடந்தது.

வீட்டுக்காரர் வேம்பைப் பார்த்தார். "இந்த மரந்தான் எல்லாத்துக்கும் காரணம். நாளைக்கே தறிச்சுப்போட வேணும்" என்றார்.

தொழிலாளி நிமிர்ந்து பார்த்தார். "மரத்தில குற்றமில்ல, முதலாளி. பொருத்து விட்டுப்போச்சு" என்றார்.

இவ்விரு கூற்றுகளையும் நான் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் மரத்தைக் குற்றவாளியாக்குவது ஒரு பார்வை. கண்ணுக்குத் தெரியாத பொருத்தைத் தேடுவது மற்றொன்று. வரலாற்றைப் படிப்போருக்கும் இவ்விரு பார்வைகளும் புதியனவல்ல. எனவே, இந்தப் பொருத்தின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் வேரின் செயலை விளங்கிக்கொள்ள வேண்டும். வேர் உறுதியான குழாயைத் துளைத்துச் செல்வதில்லை. மண்ணில் ஈரம் எங்கு மிகுந்துள்ளதோ அங்கு அதன் நுனி வளர்கின்றது. கழிவுநீர் ஓடும் குழாயின் பொருத்தில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் போதும். அதன் வழியே ஈரமும் ஆவியும் கசிகின்றன. கழிவுநீரிலுள்ள நைதரசனும் பொசுபரசும் வேருக்கு உணவாகின்றன. மயிர் போன்ற வேரொன்று அவ்வெடிப்பினுட் புகுந்துவிட்டால், உள்ளே அதற்குக் குறைவென்பதே இல்லை. அது கிளைத்துத் தலைமயிர்க் கற்றைபோலத் திரள்கின்றது. கொழுப்பும் குப்பையும் அதிற் சிக்குகின்றன. நீரோட்டம் மந்தமாகிப் பின்னர் அடைபடுகின்றது. வேம்பு, ஆல், அரசு முதலியவற்றின் வேர் பருக்கும் தன்மையுடையது. புகுந்த இடத்தில் ஆப்புப்போல் நின்று பொருத்தைப் பிளக்கும். தென்னையின் வேர் அவ்வாறு பருப்பதில்லை. எனினும் அதன் நார்வேர்களும் வெடிப்புக் கண்ட இடத்திற் புகத் தவறுவதில்லை. ஆகவே வேர் கசிவைத் தோற்றுவிப்பதில்லை; இருக்கும் கசிவைக் கண்டுபிடிக்கின்றது. பின்னரே அதனைப் பெருக்குகின்றது.

மனிதன் மண்ணைச் சுட்டுக் குழாய் செய்யக் கற்று நெடுங்காலமாயிற்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே மொகஞ்சதாரோவின் தெருக்களிற் சுட்ட செங்கல்லாலான மூடிய வடிகால்கள் ஓடின. தமிழகத்தின் கீழடியில் 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில் ஒன்றினுள் ஒன்று செருகப்பட்ட சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. ஒரு குழாயின் வாயில் மற்றொன்றின் முனையைச் செருகும் அந்தப் பழைய உபாயமே பின்னர் வந்த யுகத்தின் உபாயமாகவும் இருந்தது.

ஆயின், உலகெங்கும் பரவிய நவீன மட்குழாய் இங்கிலாந்தின் தொழிற்புரட்சியின் பிள்ளையாகும். ஆலைகளை நாடி வந்த உழைப்பாளர் நெருக்கமான சேரிகளில் வாழ்ந்தனர். எட்வின் சாட்விக் 1842ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஓர் உண்மையை எண்களில் உரைத்தது: மான்செஸ்டரில் உயர்தொழில் புரிவோர் குடும்பத்தில் இறந்தோரின் சராசரி வயது 38, கூலித் தொழிலாளர் குடும்பத்தில் அது 17. அழுக்கை நீரால் அடித்துச் செல்லும் ஒடுங்கிய, வழவழப்பான குழாய்களே தேவை என்று சாட்விக் வாதிட்டார். 1846இல் இலண்டன் லாம்பெத்தில் ஹென்றி டௌல்டன் அத்தகைய குழாய்களுக்கென ஆலை நிறுவினார். சூளை கொதிக்கும்போது உப்பை உள்ளே எறிவார்கள். அது ஆவியாகிக் களிமண்ணின் மேற் கண்ணாடி போன்ற பூச்சாகப் படியும். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தின் மூக்கிலேயே ஏறியது. அதன் பின்னரே ஜோசப் பசால்கெற்றின் பெருங்கழிவு வாய்க்கால்களுக்குப் பணம் பிறந்தது. சேரிகளிற் பல்லாயிரவர் வாந்திபேதியால் மாண்டபோது திறவாத கஜானா, நாற்றம் ஆளும் வர்க்கத்தை எட்டியதும் திறந்தது.

அந்தக் குழாயில் ஒரு குறை இருந்தது. துண்டொன்று பெரும்பாலும் இரண்டடி நீளமே. 60 அடி தூரத்துக்கு ஏறத்தாழ 30 பொருத்துகள் வேண்டும். ஒரு முனையின் விரிந்த கழுத்தில் அடுத்ததைச் செருகி, இடைவெளியைக் களிமண்ணாலோ சீமெந்துச் சாந்தாலோ அடைத்தனர். குழாயின் உடல் நூறாண்டு வாழும். சாந்தோ நிலம் சிறிது தாழ்ந்தவுடன் வெடிக்கும். அந்த வெடிப்பே வேரின் வாயில்.

இந்தக் குழாய் ஏகாதிபத்தியத்தின் பொதிகளோடு குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. 1865ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்க் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றின. கொழும்பின் நிலத்தடிக் கழிவுக் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பதிக்கப்பட்டன. கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கு முன்னால் நிழல்மரங்களும் நடப்பட்டன. நகரத்தின் மற்றப் பகுதிகளிலும் ஏனைய பட்டினங்களிலும் நெடுங்காலம் நிலவியது வாளி மலசலகூடமே.

அவ்வாளியைச் சுமந்தவர் யார்? குழாய் அடைபட்டபோது குழியுள் இறங்கியவர் யார்? தமிழகத்திலிருந்து ஆங்கில ஆட்சியில் அழைத்துவரப்பட்ட, சாதியின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட அருந்ததியர் முதலான மக்கள் அவர்கள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய நகரங்களில் ஒதுக்குப்புறமான வரிசை வீடுகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். தந்தையின் வேலை மகனுக்கு வந்தது. விளக்குமாறும் வாளியுமே முதுசொம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளரோடு இவர்களிலும் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் கணக்காயிற்று. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டு வரை சட்டம் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. நகரத்தின் குழாய்களிலிருந்து வேர்களைப் பிடுங்கிய மக்களை, இம்மண்ணில் வேரில்லாதவர் என்று சட்டம் கூறியது. இதனினும் கொடிய முரண்பாடு வேறுண்டோ?

வேரை அகற்றும் தொழில் எத்தன்மையது என்பதையும் அறிதல் வேண்டும். நான்கு அல்லது ஆறு அங்குலக் குழாயினுள் மனிதன் நுழைய முடியாது. அதற்கு மூங்கிற் பத்தைகளை ஒன்றோடொன்று கட்டிச் செலுத்திக் குத்துவார்கள். தெருவின் பெருங்குழாய் அடைபட்டால் ஆள் இறங்கும் குழியினுள் மனிதனே இறங்க வேண்டும். வேர் நீரைத் தடுக்கும் இடத்திலே கழிவு தேங்குகின்றது. தேங்கிய கழிவில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகி ஐதரசன் சல்பைட்டு, மெதேன் ஆகிய வாயுக்களை உண்டாக்குகின்றன. ஐதரசன் சல்பைட்டு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்த அளவிலோ முகரும் ஆற்றலையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நீங்கிற்று என்று மனிதன் எண்ணும் கணத்திலேயே மரணம் அவனை நெருங்குகின்றது. சேற்றைக் கிளறும்போது வாயு மொத்தமாக வெளிப்படும். முதலில் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். ஒரே குழியில் இருவர், மூவர் எனச் சாவதன் காரணம் இதுவே.

தகழி சிவசங்கரப்பிள்ளை 1947இல் எழுதிய 'தோட்டியின் மகன்' ஆலப்புழையின் துப்புரவுத் தொழிலாளரின் வாழ்வை நாவலாக்கியது. சுந்தர ராமசாமி அதனைத் தமிழுக்குத் தந்தார். இலக்கியம் அன்றே பேசியதைச் சட்டம் பேசுவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1993இல் வந்தது. 2013இல் அது விரிவாக்கப்பட்டது. கழிவுநீர்க் குழிகளில் மாண்டோரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக்கியது. உயிரின் விலை உயர்ந்தது. குழியில் ஆள் இறங்குவதோ அற்றுப்போகவில்லை.

இதற்கு மாற்று இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் டி மொயின் நகரில் சாமுவேல் பிளாங்க் என்பவர் 1933இலேயே சலவை இயந்திரத்தின் மோட்டாரையும் கத்தி பொருத்திய எஃகு வடத்தையும் இணைத்துக் குழாயினுள் வேரறுக்கும் கருவியைச் செய்தார். 1971இல் எரிக் வுட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இலண்டனில் நிலத்தைத் தோண்டாமலே பழைய குழாயினுட் பசை தோய்ந்த உறையைச் செலுத்தி இறுகச் செய்து, உள்ளே பொருத்தற்ற புதுக் குழாயை உருவாக்கினார். மிகுந்த அழுத்தத்திற் பாயும் நீரும், குழாயினுட் சென்று படம் எடுக்கும் கருவியும் இன்று உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 2018இல் 'பண்டிகூட்' என்னும் இயந்திர மனிதன் ஆளுக்குப் பதிலாகக் குழியில் இறக்கப்பட்டது. 1933க்கும் 2018க்கும் இடையே 85 ஆண்டுகள். கருவி பிறந்த பின்னரும் இத்தனை காலம் நம் நாடுகளில் மனிதன் இறக்கப்பட்டமைக்கு அறிவியலின் குறை காரணமன்று. இயந்திரத்தை விட அவனுடைய உடல் மலிவாக இருந்தது. அவன் பிறந்த சாதி அம்மலிவை நியாயப்படுத்திற்று.

இனி நமது கரைக்கு வருவோம். தெருத்தோறும் நிலத்தடிக் கழிவுக் குழாய் ஓடும் ஊர்களல்ல நம்முடையவை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வளவுக்கு வளவு மலக்குழி. அதே வளவிற் கிணறு. இரண்டுக்கும் இடையே கடற்கரை மணல். மணலில் நீர் விரைந்து ஊறும். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நம் மக்களை வாரிச் சென்றதோடு கிணறுகளையும் உப்பாக்கிற்று. நிலத்தடி நன்னீர் எத்துணை மெல்லிய படலம் என்பதை அன்று கண்டோம். வளவுகள் பிள்ளைகளுக்குப் பிரிபடப் பிரிபட, கிணறும் குழியும் இன்னும் நெருங்குகின்றன. குழாயின் பொருத்திலிருந்து கசியும் நீரை வேம்பு மட்டுமா குடிக்கின்றது? கிணறும் குடிக்கின்றது. கிணற்றிலிருந்து நாம் குடிக்கின்றோம். வேர் குழாயை அடைத்தபடியால் வீட்டுக்காரர் கசிவை அறிந்தார். மரம் இல்லாத வளவில் அதனை அறிவிப்பவர் யாருமில்லை.

வேரைக் கொல்ல மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்றைக் குழாயில் இடும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. கிணற்றுநீரை நம்பி வாழும் நம்மவர்க்கு அது ஆகாது. வேரை மட்டும் வெட்டி விடுவதும் போதாது. வெட்டிய இடத்தில் அது மீண்டும் தளிர்த்து, சில காலத்தில் முன்னிலும் அடர்ந்து திரளும். விட்டுப்போன துண்டுகளை எடுத்துவிட்டு, இறப்பர் வளையமிட்ட, நீர் கசியாத பொருத்துகளையுடைய குழாயைப் பதிப்பதே நிலையான வழி. அதனை அந்த முதியவர் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

சுத்தத்தின் மேன்மையைப் போதிக்காத பள்ளிவாசல் நம் பகுதியில் இல்லை. சுகாதாரப் பாடம் இல்லாத பாடசாலையும் இல்லை. ஆனால் அடைப்பு எடுக்கக் கூப்பிடப்படுபவர் எந்த வாசலால் உள்ளே வருகிறார், எந்தக் கோப்பையில் அவருக்குத் தேநீர் தரப்படுகிறது என்பதையும் மாணவர்கள் கவனிக்கவே செய்கின்றனர். நாம் கற்பிக்கும் பாடத்தை விட அவர்கள் காணும் அப்பாடமே ஆழப் பதிகின்றது. சாட்விக்கின் பெயரும் பசால்கெற்றின் பெயரும் நூல்களில் உள்ளன. குழாயினுட் கைவிட்டவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. குழிக்குள் ஆளை இறக்காத கருவியை நமது சபைகள் வாங்க வேண்டும். இத்தொழிலாளருக்கு நிரந்தர நியமனமும் காப்பும் உறுதியாக வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது அவர்களுடைய தொழிற்சங்கத்தின் கடமை மட்டுமன்று. அக்கிணற்று நீரைக் குடிக்கும் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.

அன்று அந்த வீட்டில் வேம்பு தறிக்கப்படவில்லை. முதியவர் பழைய குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்மேல் வரிசையாக அடுக்கினார். ஏறத்தாழ எல்லாத் துண்டுகளும் முழுமையாகவே இருந்தன. கழுத்துகளில் மட்டுமே சாந்து உதிர்ந்திருந்தது. வீட்டுக்காரர் குனிந்து ஒரு கழுத்தை விரலாற் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, முதியவருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.