மூசைக்குத் தப்பிய யவன வெள்ளி

அலெக்சாந்தர் பெயரில் அடித்த பெரிய வெள்ளிக்காசு ஒன்று சுமார் 17 கிராம் எடை இருக்கும். ஒரு பக்கம் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய ஹெராக்ளிஸ், மறுபக்கம் கையில் கழுகுடன் உட்கார்ந்திருக்கும் ஜீயஸ். பாரசீக மன்னர்கள் சூசாவிலும் பெர்சிபோலிசிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த வெள்ளி, அலெக்சாந்தர் கையில் சிக்கியதும் காசாக மாறி ஊர் சுற்றக் கிளம்பியது. கி.மு. 323இல் அவர் இறந்தார். காசு சாகவில்லை. பின்வந்த அரசர்களும் நகரங்களும் நெடுங்காலம் அதே முகத்தை அச்சடித்தார்கள். பழகிய முகமென்றால் வியாபாரி அதிகம் உரசிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வான் அல்லவா!

அந்தக் கிரேக்க உலகத்துக் காசு நம்மூர்ப் பக்கம் வந்ததா? வந்தது. கரூரில், அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது. அதைத் தேடி வாங்கிப் படித்துச் சொன்னவர் நாகர்கோவில் வடசேரியில் பிறந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. தினமலர் ஆசிரியர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நாணய ஆய்வாளர் என்பது நாஞ்சில் நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. பிரிட்டிஷ் ரூபாய் ஒரு பக்கம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற சமஸ்தானக் கணக்கு இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையனுக்குக் காசின் மேல் கண் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அமராவதியில் வெள்ளம் வடிந்ததும் மணலைச் சலித்துப் பிழைப்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் அகப்படும் வெள்ளிக்கு இரண்டே வழிதான். நகை ஆசாரியிடம் போனால் மூசையில் உருகிக் கொலுசாகிவிடும். பழங்காசு வியாபாரியிடம் போனால் பிழைக்கும். அந்த இரண்டாவது வழியில்தான் கிருஷ்ணமூர்த்தி காத்திருந்தார். பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசையும், மாக்கோதை என்று தமிழ் பிராமியில் எழுதிய சேரர் வெள்ளிக்காசையும் உலகுக்குச் சொன்னவர் அவர். கரூரில் கிடைத்த கிரேக்க நகரக் காசுகள், செலூக்கிய மன்னர் காசுகள், பினீசியத் துறைமுகக் காசுகள் பற்றி எழுதி, 2000ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தனிப் புத்தகமாகவே போட்டார். ரோமானியக் காசையே பேசிக்கொண்டிருந்த ஆய்வுலகத்துக்கு அது புதுச் செய்தி.

ஆனால் எப்போது வந்தன? கிரேக்கக் காசு என்பதாலேயே கிரேக்க அரசர்கள் காலத்திலேயே வந்திறங்கியது என்று சொல்லிவிட முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, அப்பொல்லொதோதஸ், மெனாந்தர் என்ற கிரேக்க அரசர்களின் பழைய திராக்மா வெள்ளிக்காசுகள் குஜராத்தின் பரூச்சில் அப்போதும் புழங்கியதாகச் சொல்கிறது. அந்த அரசர்கள் போய் நூற்றைம்பது ஆண்டு ஆகியும் காசு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கரூர்க் காசும் அப்படி ரோமானிய வணிகனின் மடியில் தாமதமாக வந்திருக்கலாம். அந்த வணிகர்களுக்கு நம் பக்கமும் தெரிந்திருந்தது; அதே கையேடு குமரியையும் சொல்கிறது: துறவு பூண்டவர்கள் நீராடித் தங்கும் இடம் என்று. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி எழுதி வைத்த கொட்டியாரா நம் கோட்டாறு என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். வடசேரியிலிருந்து நடந்தே போகலாம்.

என் ஊகம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. அப்படியானால் மாக்கோதையின் முகம் பதிந்த வெள்ளி எங்கிருந்து வந்திருக்கும்? ரோமானிய, கிரேக்கக் காசுகள் சில சேரரின் உலையிலேயே உருகியிருக்கும். இன்றைய ஆசாரி புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

கிருஷ்ணமூர்த்தி 2021 மார்ச் 4 அன்று காலமானார். அவர் சேகரிப்பால் தப்பிய காசுகளுக்கு ஒரு குறை இருக்கிறது. அது அவர் குறையல்ல. அகழாய்வுக் குழியில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்கு சாட்சி: பக்கத்தில் எந்தப் பானை ஓடு, மேலே எந்தச் செங்கல் என்று காலம் கணிக்கலாம். ஆற்று மணலை வெள்ளம் புரட்டிவிடுகிறது. அப்புறம் இருப்பது விற்றவரின் வாய்ச்சொல். வெளியூர்க் காசைக் கரூர்க் காசு என்று சொன்னால் விலை கூடும் என்று வியாபாரிக்கும் தெரியும். வாங்குபவர் பச்சைக் களிம்பையும் ஒட்டிய மணலையும் பார்த்து நம்பவேண்டியதுதான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தால் அதுவும் போயிற்று.

சட்டமும் இதில் உதவுவதாகத் தெரியவில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் காசு போய்விடும், ஆபீசுக்கு அலைய வேண்டும் என்று பயந்து, சலித்தவர் கிடைத்த இடத்தை மாற்றிச் சொல்லி விற்றுவிட்டுப் போகிறார். நோட்டில் ஊர்ப்பெயர் எழுதும் சேகரிப்பாளர் அந்தப் பொய்யைத்தான் கவனமாக எழுதிக்கொள்கிறார்.