தானுந்து ஒலிவழிப் பழுதறிதல்

தானுந்து ஒலிவழிப் பழுதறிதல் என்பது, ஒரு தானுந்து (கார்) எழுப்பும் வழக்கத்திற்கு மாறான ஒலியைக் கொண்டு அதன் எந்த உறுப்பு தேய்ந்துள்ளது, தளர்ந்துள்ளது அல்லது உடைந்துள்ளது என்பதைக் கண்டறியும் முறையாகும். இது பட்டறைகளில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை. வண்டியின் கணினியுடன் இணைக்கப்படும் பழுதறி கருவிகள் பரவலான பின்னரும் இதன் தேவை குறையவில்லை. அக்கருவிகள் உணரிகள் (சென்சார்) பொருத்தப்பட்ட பகுதிகளில் ஏற்படும் கோளாறுகளை மட்டுமே காட்டும். தேய்ந்த சக்கரத் தாங்கிக்கோ (பேரிங்) தளர்ந்த சக்கர நட்டுக்கோ பொதுவாகப் பிழைக் குறியீடு எதுவும் பதிவாவதில்லை. அவற்றின் முதல் அறிகுறி பெரும்பாலும் ஒலியே ஆகும்.

அடிப்படைக் கருத்து

ஒலி என்பது அதிர்வு. ஓடும் வண்டியில் அதிர்வை உண்டாக்குபவை நான்கு: சுழலும் உறுப்புகள், உராயும் பரப்புகள், தளர்ந்து மோதும் இணைப்புகள், பாயும் காற்று அல்லது நீர்மம். பழுதடைந்த உறுப்பு தன் இயக்கத்தின் வேகத்திற்கேற்பவே ஒலி எழுப்பும். ஆகவே, "ஒலி எப்படிக் கேட்கிறது?" என்பதை விட "ஒலி எதனுடன் சேர்ந்து மாறுகிறது?" என்ற கேள்வியே பயன் மிக்கது.

ஒரே ஒலியை ஒருவர் "ஊங்காரம்" என்பார், மற்றொருவர் "உறுமல்" என்பார். மேலும் உலோகச் சட்டத்தின் வழியே ஒலி எளிதில் பரவுவதால், முன் சக்கரத்தில் எழும் ஒலி பின்னிருக்கையின் அடியிலிருந்து வருவது போலத் தோன்றக்கூடும். பெயரும் இடமும் இவ்வாறு ஏமாற்றலாம். வண்டியின் வேகம், பொறியின் (எஞ்சின்) சுழற்சி, திருப்பம், பிரேக், சாலையின் மேடுபள்ளம், வெப்பநிலை ஆகியவற்றுள் ஒலி எதனைப் பின்தொடர்கிறது என்பது அந்த அளவிற்கு ஏமாற்றுவதில்லை. இதனை ஆராயாமல் ஊகத்தின் பேரில் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவாகும். உண்மையான பழுது அப்படியே நீடிப்பது அதனினும் பெரிய இடராகும்.

ஒலியும் சுழற்சியும்

எளிய கணக்கு ஒன்றின் மூலம் இதனை விளக்கலாம். சிறிய கார் ஒன்றின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் செல்கிறது. அப்போது சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 9 முறை சுழலும். டயரின் பள்ளத்தில் ஒரு கல் சிக்கியிருந்தால் "டிக்" ஒலி நொடிக்கு 9 முறை எழும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது 3 ஆகக் குறையும். இதனைக் காதாலேயே எண்ணிவிடலாம்.

பொறியின் கணக்கு வேறு. நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்றால் நொடிக்கு 50 சுற்றுகள். நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சுப் பொறியில் ஒரு சுற்றுக்கு இரண்டு உருளைகளில் எரிதல் நிகழ்வதால், எரிதல் ஒலி நொடிக்கு 100 முறை எழும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு பாதி வேகத்தில்தான் சுழலும். எனவே நிமிடத்திற்கு 800 சுற்றுகளில் நிலையாக ஓடும் பொறியில் ஒரு வால்வின் டப்பெட் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 7 முறை கேட்கும். அதே பொறியில் இணைப்புத் தண்டின் (கனெக்டிங் ராடு) தட்டொலி பொறியின் முழுச் சுழற்சி வேகத்தைப் பின்தொடரும்.

கண்டறியும் படிகள்

முதலில், ஒலி எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் வண்டியை இயக்கியவுடன் மட்டுமா, சூடான பின்னரா, மழைக்குப் பிறகா என்பவை முக்கியமான தடயங்கள்.

இரண்டாவதாக, வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் (நியூட்ரல்) வைத்துப் பொறியின் வேகத்தை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒலி வந்தால் அது பொறியையோ அதன் பெல்ட்டால் இயங்கும் துணை உறுப்புகளையோ சார்ந்தது. வராவிட்டால் சக்கரம், ஆக்ஸில், பிரேக், தொங்கல் அமைப்பு (சஸ்பென்ஷன்) ஆகியவற்றில் தேட வேண்டும். சுமையின்போது மட்டும் எழும் பொறி ஒலிகள் இந்தச் சோதனையில் வராமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் ஒலி வரும் வேகத்தில் சென்று, கியரைச் சிறிது நேரம் நடுநிலைக்கு மாற்ற வேண்டும். பொறியின் வேகம் குறைந்த பின்னும் ஒலி மாறாமல் தொடர்ந்தால் அது சக்கரங்களின் பக்கத்தைச் சேர்ந்தது. இச்சோதனையில் பொறியை ஒருபோதும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்கிற்கும் திருப்பு சக்கரத்திற்கும் (ஸ்டியரிங்) கிடைக்கும் துணைவிசை இல்லாமல் போகும்.

நான்காவதாக, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு சுற்றுச்சுவரை ஒட்டி மெதுவாகச் செல்லலாம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, பழுது எந்தப் பக்கம் என்பதை அறிய உதவும்.

பொதுவான ஒலிகளும் காரணங்களும்

வேகத்துடன் கூடும் ஊங்காரம்: இதற்குச் சக்கரத் தாங்கியோ சீரற்றுத் தேய்ந்த டயரோ காரணமாகலாம். சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயர் எனவும், எல்லாச் சாலைகளிலும் ஒரே மாதிரி கேட்டால் தாங்கி எனவும் கொள்ளலாம். வலப்புறம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அப்போது ஒலி கூடினால் இடப்பக்கத் தாங்கியை ஐயுற வேண்டும்.

திருப்பத்தில் "டக் டக்" ஒலி: முன் சக்கர இயக்க வண்டிகளில் திருப்பு சக்கரத்தை முழுவதும் திருப்பி முடுக்கும்போது இவ்வொலி வந்தால், ஆக்ஸிலின் வெளிப்புற சிவி இணைப்பு தேய்ந்துள்ளது எனலாம். பெரும்பாலும் அதன் ரப்பர் உறை கிழிந்து, மசகு (கிரீஸ்) வெளியேறி மண் புகுந்திருக்கும்.

பிரேக் மிதிக்கும்போது கிறீச்சொலி: பல பிரேக் பட்டைகளில் (பேட்) ஒரு சிறு உலோக நாக்கு உண்டு. பட்டை சில மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்ததும் அது வட்டில் (டிஸ்க்) உரசி ஒலி எழுப்பும். இந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தால், பின்னர் உலோகத்தோடு உலோகம் அரைபடும் கரகரப்பு கேட்கும். அந்நிலையில் வட்டும் பழுதடையும். நிறுத்தும் திறனும் குறையும்.

பொறி இயங்கியதும் கீச்சொலி: துணை உறுப்புகளை ஓட்டும் பெல்ட் வழுக்குவதன் அறிகுறி. இயங்கும் பெல்ட்டின் மீது சிறிது நீர் தெளித்தால் ஒலி கூடுமாயின் இழுவிசை போதவில்லை. சற்றே மறைந்து மீண்டும் வருமாயின் கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை. இச்சோதனையின்போது கையும் உடையும் பெல்ட்டின் அருகே செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளட்ச் மிதியுடன் மாறும் ஒலி: மிதியை அழுத்தும்போது ஒலி வந்தால் கிளட்ச் விடுவிப்புத் தாங்கியிலும், மிதியை அழுத்தும்போது மறைந்தால் கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டின் தாங்கியிலும் பழுதிருக்க வாய்ப்புண்டு.

மேடுபள்ளத்தில் "லொட லொட" ஒலி: தொங்கல் அமைப்பின் லிங்க் ராடு, புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுள் ஒன்று தளர்ந்திருக்கலாம்.

குளிர்ந்த பொறியில் மட்டும் "டிக் டிக்" ஒலி: புகைபோக்கி இணைப்பில் சிறு கசிவு இருந்தால் இவ்வாறு கேட்கும். பொறி சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளியை அடைப்பதால் ஒலி குறையும்.

முடுக்கும்போது உலோகத் தட்டொலி: பெட்ரோல் பொறியில் எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதால் (நாக்கிங்) ஏற்படுவது. ஏறத்தாழ 80 மி.மீ. விட்டமுள்ள உருளையில் இதன் அதிர்வெண் 6 முதல் 7 கிலோஹெர்ட்சு வரை இருக்கும். இந்த அதிர்வெண்ணை உணரும் படிக உணரி பல பொறிகளில் பொருத்தப்பட்டுள்ளது. உணரி தரும் குறிப்பைக் கொண்டு, தீப்பொறி எழும் நேரத்தைக் கணினி தாமதப்படுத்துகிறது. மனிதக் காது செய்த வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

உடனே நிறுத்த வேண்டிய ஒலிகள்

பின்வரும் ஒலிகள் கேட்டால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும்.

* பொறியின் அடியிலிருந்து வரும், சுமையுடன் கூடும் ஆழ்ந்த தட்டொலி, குறிப்பாக எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால்.
* டயர் மாற்றிய பின்னர் குறைந்த வேகத்தில் கேட்கும் "தட் தட்" ஒலி. சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கலாம்.
* பிரேக்கில் உலோகம் அரைபடும் ஒலி.
* திருப்பும்போது முன் சக்கரத்தின் அருகே "டங்" என்ற ஒலியுடன் திருப்பு சக்கரத்தில் ஆட்டம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

ஒலி சிறிதா பெரிதா என்பதைக் கொண்டு இடரை அளவிடக் கூடாது. புகைபோக்கியின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்தால் பேரொலி எழும். இடர் பெரும்பாலும் சிறிது. தளர்ந்த நட்டின் ஒலி மெல்லியது, இடர் உயிருக்கானது.

கருவிகள்

1816ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் லெனெக் உருவாக்கிய இதயத்துடிப்பு மானியின் தத்துவமே பட்டறைகளில் பயன்படும் ஒலிமானியிலும் உள்ளது. இதில் தட்டிற்குப் பதிலாக நீண்ட உலோகக் கம்பி இருக்கும். அது இல்லாத பட்டறைகளில் திருப்புளியின் (ஸ்குரூ டிரைவர்) முனையைப் பொறியின் மேல் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்கும் வழக்கம் உண்டு.

ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் முறையும் பயன்படுகிறது. 1965இல் கூலி, டுக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம் இதனைக் கணினியில் எளிதாக்கியது. தாங்கியின் வெளி வளையத்தில் வெடிப்பு இருந்தால், உருண்டைகளின் எண்ணிக்கையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி, அதில் ஏறத்தாழ 40 விழுக்காட்டிற்குச் சமமான அதிர்வெண் தோன்றும். கைபேசிச் செயலிகளும் இத்தகைய அலைமாலையைக் காட்ட வல்லவை.

கருவியின்றிக் கையாலும் சோதிக்கலாம். தாங்கு கால்கள் வைத்து உயர்த்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிவது தாங்கி அல்லது பால் ஜாயின்ட் பழுது. இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் அது திருப்பு தண்டின் (டை ராடு) பழுது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்வது உயிரிழப்பில் முடியலாம்.

கொங்கு மண்டலத்தில்

கோவை வட்டாரத்தில் தானுந்துத் தொழில்நுட்ப மரபு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. சூலூருக்கு அருகிலுள்ள கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் போக்குவரத்தைத் தொடங்கித் தாமே ஓட்டினார். அதுவே பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. நூற்பாலைகளும் மோட்டார் பம்புத் தொழிலும் நிறைந்த இவ்வட்டாரத்தில் தாங்கியின் ஒலியைக் கேட்டுப் பழுதறிவது தானுந்துகளுக்கு மட்டும் உரியதன்று.

கோவையிலிருந்து சூலூர், பல்லடம், காங்கேயம் வழியே கரூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 81இல் அமைந்த பல்லடம், விசைத்தறிக்கும் கறிக்கோழி வளர்ப்புக்கும் பெயர் பெற்றது. சுற்றுப்புறங்களில் கல்குவாரிகளும் உள்ளன. குவாரிச் சாலைகளில் செல்லும் வண்டிகளில், பிரேக் வட்டுக்கும் அதன் தூசுத் தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கி அலறல் போன்ற ஒலி எழலாம். இதனைப் பிரேக் பட்டைத் தேய்வு எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. மெதுவாகப் பின்னோக்கி ஓட்டினால் கல் பல வேளைகளில் விழுந்துவிடும். நெடுஞ்சாலையும் ஊர்ச் சாலைகளும் அடுத்தடுத்து இருப்பதால், டயர் ஒலியையும் தாங்கி ஒலியையும் பிரித்தறியும் சோதனையை இங்கு ஒரே பயணத்தில் செய்துவிடலாம்.

விசைத்தறிக் கூடங்களின் இரைச்சல் 90 டெசிபெல்லைக் கடக்கக்கூடியது. இத்தகைய இரைச்சலில் பல ஆண்டுகள் பணியாற்றுவோர்க்கு முதலில் குறைவது 4 கிலோஹெர்ட்சு அளவிலான உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறனாகும். பிரேக் பட்டையின் எச்சரிக்கை ஒலியும் உயர் அதிர்வெண் கொண்டதே. எனவே அவர்கள் ஒலியை மட்டும் நம்பாமல் பட்டையின் தடிமனைக் குறித்த கால இடைவெளியில் சோதிப்பது நன்று.

மின்தானுந்துகளில்

மின்தானுந்துகளில் எரிபொறியின் இரைச்சல் இல்லாததால், முன்பு மறைந்திருந்த தாங்கி, டயர், தொங்கல் அமைப்பு ஆகியவற்றின் ஒலிகள் தெளிவாகக் கேட்கும். மறுபுறம், வண்டி வருவது பாதசாரிகளுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதால் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்பும் அமைப்பு பொருத்தப்படுகிறது. இதற்கான ஐக்கிய நாடுகள் விதி எண் 138, 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இவ்வகை வண்டிகளில் பழுதைத் தேடுமுன், கேட்கும் ஒலி இந்த அமைப்பினுடையதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உருளைத் தாங்கி
* உள் எரி பொறி
* அதிர்வெண்
* ஜி. டி. நாயுடு
* பல்லடம்